பேராதனைத் தலைமையகத்தில் ஸ்ரில்வெல் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

தெஹிவளை வாசகி:

வணக்கம். கொழும்பில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் தென்கிழக்காசிய நேச நாட்டுக் கட்டளையகம் பற்றிப் பேச இருக்கிறேன். 1944 ஏப்ரலில் அதன் உச்சத் தளபதி மவுண்ட்பேற்றன் தலைமையகத்தை டில்லியிலிருந்து பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த கதை. அவருடைய பிரதித் தளபதியான அமெரிக்க ஜெனரல் ஜோசப் ஸ்ரில்வெல்லிடம் வந்ததும் என்னுடைய கட்டளை வரைபடம் சிக்கிவிடுகிறது.

அவர் மவுண்ட்பேற்றனுக்குக் கீழே. அதே நேரம் சீனத் தலைவர் சியாங் காய்-சேக்கின் படைத்துறைச் செயலணித் தலைவர். சீனா-பர்மா-இந்தியக் களத்தின் அமெரிக்கத் தளபதியும் அவர்தான். 1944 ஓகஸ்டில் மவுண்ட்பேற்றன் இலண்டன் போனபோது கண்டியில் பதில் உச்சத் தளபதியாக இருந்தவரும் இதே மனிதர். ஒக்டோபரில் அவரைத் திருப்பி அழைத்துவிட்டார்கள்.

கேட்க விரும்புவது: இவர் யாருடைய உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்? சீனப் படை முழுவதையும் இவரிடம் கொடுங்கள் என்று ஜூலையில் கேட்ட றூஸ்வெல்ற், மூன்று மாதத்தில் இவரையே மீட்டுக்கொண்டது ஏன்? ஐரோப்பாவில் ஐசனோவருக்கும் பல நாட்டுப் படைகள்தானே இருந்தன, அங்கே ஏன் இப்படி உடையவில்லை? சபையில் வரைபடமாகக் காட்ட வேண்டும், ஆகவே எந்தக் கோட்டை எங்கே போடுவது என்று சொன்னால் பெரிய உதவி.

பழைய வரைபடம்:

ஆளுக்கு ஒரு பெட்டி போட்டால் ஸ்ரில்வெல்லை ஒருநாளும் வரைய முடியாது. பதவிக்கு ஒரு பெட்டி போடுங்கள். அவருக்கு ஐந்து வரும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மூன்று விவரம் எழுதுங்கள்: இந்தப் பதவியைக் கொடுத்தது யார், பறிக்கக்கூடியவர் யார், இந்தப் பதவியின் கையில் உண்மையில் இருந்தது என்ன. மூன்றாவதுதான் முக்கியம்.

முதலில் மேல்மட்டம். றூஸ்வெல்ற்றும் சேர்ச்சிலும் உச்சியில். அவர்களுக்குக் கீழே வாஷிங்டனில் இயங்கிய கூட்டுப் படைத்தலைவர்கள் குழு, அதாவது இரு நாட்டு முப்படைத் தலைவர்களும் சேர்ந்தது. 1943 ஓகஸ்ட் கியூபெக் மாநாட்டில் தென்கிழக்காசியக் கட்டளையகத்தை உருவாக்கியபோது ஒரு பிரிவினை செய்தார்கள். பொதுவான போர்த் திட்டமும் வளப் பங்கீடும் கூட்டுக் குழுவிடம், அன்றாடப் படை நடவடிக்கை பிரித்தானியப் படைத்தலைவர்களிடம். ஆகவே மவுண்ட்பேற்றனிலிருந்து மேலே போகும் கோடு இலண்டன் வழியாகத்தான் போக வேண்டும்.

சீனாவுக்கு அப்படி ஒரு கோடே கிடையாது. சியாங் 1942 ஜனவரியிலேயே சீனக் களத்தின் உச்சத் தளபதி ஆனார். அவர் கூட்டுக் குழுவின் உறுப்பினரும் அல்லர், அதற்குக் கட்டுப்பட்டவரும் அல்லர். அவருடைய பெட்டிக்கு மேலே வெறுமையாக விடுங்கள். பலர் இங்கே வாஷிங்டனுக்கு ஒரு கோடு இழுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு கோடு 1944ஆம் ஆண்டுக் கதை முழுவதையும் பிழையாக்கிவிடும்.

இனி ஐந்து பெட்டிகள்.

ஒன்று, சீனா-பர்மா-இந்தியக் களத்தின் அமெரிக்கப் படைத் தளபதி. இது நேச நாட்டுக் களம் அல்ல, தனி அமெரிக்க அமைப்பு. கொடுத்ததும் பறிக்கக்கூடியதும் வாஷிங்டன். நேரடிக் கோடு அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் ஜோர்ஜ் மார்ஷலுக்கு.

இரண்டு, சியாங்கின் நேச நாட்டுச் செயலணித் தலைவர். கொடுத்தவர் சியாங். கையில் இருந்தது ஆலோசனை சொல்லும் உரிமை. 1942 பர்மாப் போரில் இது வெளிப்பட்டது. சீன 5ஆம், 6ஆம் இராணுவங்களுக்கு ஸ்ரில்வெல் கட்டளையிடுவார் என்று பேச்சு. ஆனால் சீன ஜெனரல்கள் போர்க்காலத் தலைநகர் சுங்கிங்கிலிருந்து சியாங் நேரே அனுப்பிய தந்திகளைப் பார்த்தே நகர்ந்தார்கள். சியாங் அவருக்குக் கொடுத்த முத்திரையில் இருந்ததும் செயலணித் தலைவர் என்ற பதவிதான், கட்டளைத் தளபதி என்றல்ல. ஸ்ரில்வெல் முறையிட்ட பிறகு லுவோ சோயிங் என்ற சீன ஜெனரலை இடையில் வைத்தார்கள். உத்தரவுகள் அவர் பெயரில் போயின.

மூன்று, நேச நாடுகளுக்கு அமெரிக்கா ஆயுதமும் பொருளும் கொடுத்த கடன்-குத்தகை உதவியின் சீனப் பங்கை மேற்பார்க்கும் அதிகாரி. கொடுத்தது வாஷிங்டன். கையில் இருந்தது சீனாவுக்குப் போகும் ஆயுதத்தின் மேல் பிடி. ஆனால் இதுவும் முழுப்பிடி அல்ல. பொருள் இமயமலைக்கு மேலே விமானத்தில் போக வேண்டும். அந்த விமானங்களை ஓட்டிய போக்குவரத்துக் கட்டளையகம் வாஷிங்டனில் அமெரிக்க வான்படைத் தலைவர் ஜெனரல் ஆர்னோல்டுக்குக் கீழே இருந்தது. 1943 மே மாநாட்டில் றூஸ்வெல்ற்றே பங்கீட்டைத் தீர்மானித்தார்: ஜூலை மாதச் சரக்கில் முதல் 4,700 தொன் சீனாவில் இருந்த அமெரிக்க ஜெனரல் ஷெனோல்ற்றின் விமானப்படைக்கு, அடுத்த 2,000 தொன் தரைப்படை முதலிய ஏனைய தேவைகளுக்கு. மாதம் 10,000 தொன் என்ற இலக்கு 1943 டிசம்பரில்தான் எட்டியது.

நான்கு, மவுண்ட்பேற்றனின் பிரதி உச்சத் தளபதி. கொடுத்தது கூட்டுக் குழு.

ஐந்து, வட பர்மாவின் களத் தளபதி. கையில் பீகாரின் ராம்கரில் பயிற்சி பெற்ற சீன டிவிஷன்கள், 1944 தொடக்கத்திலிருந்து ஜெனரல் மெரில் தலைமையில் சுமார் 3,000 பேர் கொண்ட அமெரிக்கப் படையணி. ஸ்ரில்வெல் மனம் வைத்துச் செய்த வேலை இது. 1943 டிசம்பர் கடைசியில் ஹுகோங் பள்ளத்தாக்குக்குள் இறங்கியவர், பிரதித் தளபதி நாற்காலியில் இருக்கவே இல்லை என்று சொல்லலாம்.

கோளாறு எங்கே என்றால், இந்த ஐந்தும் ஒன்றையொன்று மேலும் கீழுமாக வெட்டுகின்றன. நான்காவது பதவியில் அவர் ஜெனரல் ஜிபார்டுக்கு மேலே. ஜிபார்ட் மவுண்ட்பேற்றனின் தரைப்படைத் தளபதி. ஐந்தாவது பதவியில் இயல்பாக ஜிபார்டுக்குக் கீழே வர வேண்டும். ஸ்ரில்வெல் அதை ஏற்க மறுத்தார். மணிக்கணக்கான வாக்குவாதத்துக்குப் பிறகு அவரே ஒரு வழி சொன்னார்: வட பர்மாவின் கமைங் போய்ச் சேரும் வரை 14ஆவது இராணுவத் தளபதி ஸ்லிம்மின் கட்டளைக்குள் வருகிறேன். ஸ்லிம்மோ ஜிபார்டுக்குக் கீழே இருந்தவர். வரைபடத்தில் பார்த்தால் பைத்தியக்காரத்தனம், களத்தில் பல மாதம் நன்றாகவே ஓடியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மதித்தார்கள் என்பதற்கு மேல் வேறு காரணம் இல்லை.

மாறாக 1944 பெப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். மவுண்ட்பேற்றன் வட பர்மாவை விட்டு சுமாத்திரா பக்கம் போகும் திட்டத்தோடு தன் பிரதிச் செயலணித் தலைவரான அமெரிக்க ஜெனரல் வெடமையரை இலண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் அனுப்பினார். ஸ்ரில்வெல் அந்தத் திட்டத்தை எதிர்த்துப் பேசத் தன் ஆட்களைத் தனியாக வாஷிங்டனுக்கு அனுப்பினார். பிரதித் தளபதியாக அது அத்துமீறல். அமெரிக்கக் களத் தளபதியாக அது அவருடைய உரிமை. மார்ஷல் அவருக்குத்தான் ஆதரவு, இருந்தாலும் போய் மவுண்ட்பேற்றனைச் சமாதானப்படுத்து என்று சொல்லிவைத்தார். மார்ச் 6இல் மவுண்ட்பேற்றன் ஸ்ரில்வெல்லின் முன்னரங்குக்கு வந்து இருவரும் பேசினார்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: தகராறு வரும்போதெல்லாம் அவர் முதலாவது பெட்டிக்குத் திரும்பினார். மார்ஷலுக்குக் கட்டுப்பட்டவர் என்று வரையுங்கள். மற்ற நான்கையும் புள்ளிக்கோட்டில் போடுங்கள்.

மாவலி:

மேலே சொன்னது சரியாக இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒக்டோபர் முடிவை விளங்க ஏப்ரலில் இருந்து தொடங்க வேண்டும், செப்டெம்பரில் தொடங்கினால் சியாங் திடீரென்று கோபப்பட்டதுபோல் தோன்றும்.

1944 தொடக்கத்தில் யுன்னானில் சியாங்கிடம் அமெரிக்கக் கருவிகளோடு ஒரு படை இருந்தது. சல்வீன் ஆற்றைக் கடந்து பர்மாப் பக்கம் தாக்கும்படி அமெரிக்கர் கேட்டார்கள், அவர் தள்ளிப்போட்டார். ஏப்ரல் 3இல் றூஸ்வெல்ற் கடுமையாக எழுதினார். கூடவே, நகராவிட்டால் அந்தப் படைக்கான சரக்குப் பங்கு வேறு பக்கம் போகும் என்று அமெரிக்கத் தரப்பு தெரியப்படுத்தியது. ஏப்ரல் நடுப்பகுதியில் சீனத் தரப்பு சம்மதித்தது, மே 11 இரவு படை ஆற்றைக் கடந்தது. வாஷிங்டன் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், அழுத்தினால் சியாங் வளைவார் என்பது. அந்தப் பாடம் அரைகுறை. ஏப்ரலில் கேட்டது ஒரு நடவடிக்கை. அடுத்துக் கேட்டது அவருடைய ஆட்சியின் அடித்தளம்.

அதே ஏப்ரலில் யப்பானியர் சீனாவுக்குள் இச்சிகோ என்ற பெருந்தாக்குதலைத் தொடங்கினார்கள். குறி, ஷெனோல்ற்றின் விமானத் தளங்களும் வடக்குத் தெற்கு ரயில் பாதையும். ஹெங்யாங் 47 நாள் முற்றுகைக்குப் பிறகு ஓகஸ்ட் 8இல் விழுந்தது. இந்தப் பதற்றத்தில்தான் ஜூலை 6ஆம் திகதிச் செய்தி போனது: சீனப் படைகள் அனைத்தையும் ஸ்ரில்வெல்லின் கட்டளைக்குள் வையுங்கள். சியாங் இல்லை என்று சொல்லவில்லை. கொள்கையளவில் சரி, ஆனால் எனக்கும் ஸ்ரில்வெல்லுக்கும் இடையில் பேச ஓர் அரசியல் பிரதிநிதி வேண்டும் என்றார். அப்படி வந்தவர்தான் பற்றிக் ஹேர்லி, செப்டெம்பரில்.

சியாங்கால் ஏன் இதை நிறைவேற்ற முடியாது என்பதை உங்கள் சபையில் கட்டாயம் சொல்லுங்கள். சீனப் படை ஒரே படை அல்ல. மாகாணத் தளபதிகளின் படைகள் பல, சியாங்குக்கு நெருங்கிய படைகள் சில. யாருக்கு எவ்வளவு துப்பாக்கி, எவ்வளவு நெல், யார் முன்னரங்குக்கு, யார் பின்னால் என்று தீர்மானிப்பவர் தான் என்பதால்தான் சியாங் ஆட்சியில் இருந்தார். ஸ்ரில்வெல்லோ யப்பானியரோடு சண்டை பிடிக்கத் தயாரான எவருக்கும், கம்யூனிஸ்டுகள் உட்பட, ஆயுதம் போக வேண்டும் என்ற கருத்துடையவர். கட்டளையும் ஆயுதப் பங்கீடும் ஒரே அந்நியர் கையில் போனால் சியாங் பெயரளவு ஜனாதிபதியாகிவிடுவார். போர்க்கலைப்படி பார்த்தால் ஸ்ரில்வெல் சொன்னதில் நியாயம் இருந்தது. அரசியல்படி அது ஒரு நாட்டுத் தலைவரைப் பதவி விலகச் சொல்வதற்குச் சமம்.

செப்டெம்பரில் சல்வீன் முனையில் லுங்லிங் அருகே சீனப் படைக்குப் பின்னடைவு. வட பர்மாவின் மிச்சினாவில் இருக்கும் ஸ்ரில்வெல்லின் படை ஒரு வாரத்தில் பாமோ நோக்கித் தாக்காவிட்டால் யுன்னான் படையைத் திருப்பி எடுப்பேன் என்றார் சியாங். மிச்சினா நகரம் ஓகஸ்ட் 3இல்தான் கைக்கு வந்தது, படை களைத்துப்போய் இருந்தது. ஸ்ரில்வெல் இதை மார்ஷலுக்கு அறிவித்தார். மார்ஷல் அப்போது இரண்டாவது கியூபெக் மாநாட்டில், றூஸ்வெல்ற்றின் பக்கத்தில். மார்ஷலின் அலுவலர்கள் வரைந்த பதிலில் றூஸ்வெல்ற் கையெழுத்திட்டார். மிகக் கடுமையான கடிதம்: உடனே ஸ்ரில்வெல்லிடம் தடையற்ற கட்டளையைக் கொடுங்கள், பின்வாங்கினால் விளைவுக்கு நீங்களே பொறுப்பு.

இப்போது அந்தக் கடிதம் போன வழியைக் கவனியுங்கள். ஒரு நாட்டுத் தலைவருக்கு எழுதிய கண்டனம், அந்தக் கண்டனத்தால் பயனடையப் போகிற ஜெனரலின் கையாலேயே கொடுபட்டது. செப்டெம்பர் 19 அன்று ஹேர்லி சியாங்கோடு கட்டளை ஒழுங்கை ஏறக்குறையப் பேசி முடித்திருந்தார். ஸ்ரில்வெல் வந்து கடிதத்தைக் காட்டினார். இதைத் தணித்து வாயால் சொல்லலாமே என்றார் ஹேர்லி. ஸ்ரில்வெல் மறுத்து, சீன மொழிபெயர்ப்போடு நேரே கொடுத்தார். சீன அதிகாரிகள் பலர் இருந்த இடத்தில் அது நடந்தது. மரியாதைக் குறைவு என்பது இதில் ஒரு பகுதிதான். சியாங் இனிச் சம்மதித்தால் மிரட்டலுக்குப் பணிந்தார் என்று அவருடைய தளபதிகள் எல்லாரும் அறிவார்கள் என்பதே பெரிய சிக்கல்.

செப்டெம்பர் 25இல் சியாங் எழுத்தில் பதில் கொடுத்தார். அமெரிக்கத் தளபதி ஒருவரை ஏற்பேன், ஸ்ரில்வெல்லை ஏற்கமாட்டேன். ஹேர்லி ஒக்டோபரில் றூஸ்வெல்ற்றுக்கு எழுதியதன் சாரம், இருவரில் ஒருவரைத்தான் வைத்திருக்கலாம் என்பது. ஒக்டோபர் 18இல் திருப்பி அழைக்கும் உத்தரவு பிறந்தது, 21இல் ஸ்ரில்வெல் சுங்கிங்கை விட்டுப் புறப்பட்டார். நவம்பர் 7இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் இருந்ததையும் கணக்கில் எடுங்கள்.

இதில் யாருக்கு என்ன கிடைத்தது? வெடமையர் சீனாவுக்குப் போனார், ஆனால் சீனப் படைகளின் கட்டளை அவருக்கும் கிடைக்கவில்லை, செயலணித் தலைவராகவே இருந்தார். ஷெனோல்ற்றின் விமானத் தளம் இருந்த குவெய்லின் நகரம் நவம்பரில் விழுந்தது. அமெரிக்கா தன் கடைசி மிரட்டலை வைத்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. அதற்குப் பிறகு சியாங்கை அசைக்க அதனிடம் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை.

கொட்டாஞ்சேனை:

ஐசனோவர் பற்றி எழுதுகிறேன். அங்கே உடையவில்லை என்பதை அப்படியே ஏற்க முடியாது, உடையப் பார்த்து ஒட்டிய இடங்கள் பல. ஒட்டுவதற்கு வழி முன்கூட்டியே வைத்திருந்தார்கள், அதுதான் வித்தியாசம்.

முதல் வழி மேன்முறையீட்டு உரிமை. இது 1918 ஏப்ரல் 3ஆம் திகதி போவே உடன்படிக்கையில் இருந்து வருவது. பிரெஞ்சு ஜெனரல் போஷுக்கு மேற்கு முனையின் போர்த் திட்ட வழிநடத்தலைக் கொடுத்தபோது, தன் படைக்கு ஆபத்து என்று கருதும் நாட்டுத் தளபதி தன் அரசிடம் முறையிடலாம் என்று எழுதினார்கள். 1942 ஒக்டோபரில் வட ஆபிரிக்கா இறங்குமுன் பிரித்தானியத் தளபதி அண்டர்சனுக்கு இலண்டன் கொடுத்த பணிப்புரையிலும் அந்த வாசகம் இருந்தது. ஐசனோவர் அதை நீக்கும்படி கேட்கவில்லை, மாற்றி எழுதும்படி கேட்டார். மாற்றப்பட்ட வடிவில் அண்டர்சன் முறையிடலாம், ஆனால் முதலில் ஐசனோவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும், அதுவும் பாரதூரமான, விதிவிலக்கான நிலையில் மட்டும். சிறிய திருத்தம். அதன் பலன், சண்டை தலைநகரங்களுக்குப் போகுமுன் தளபதியின் மேசைக்கு வருவது. சீனாவில் இப்படி ஒரு படி இருக்கவில்லை. ஸ்ரில்வெல்லுக்கும் சியாங்குக்கும் தகராறு என்றால் அடுத்த படி நேரே றூஸ்வெல்ற்.

இரண்டாவது, செயலணியைக் கலந்த விதம். புலனாய்விலும் படை நடவடிக்கையிலும் இரு நாட்டாரும் கலந்த பிரிவுகள், தலைவர் அமெரிக்கர் என்றால் பிரதி பிரித்தானியர், அல்லது மறுபுறமாக. வழங்கலும் நிர்வாகமும் கலக்கப்படவில்லை, இரு நாட்டுக்கும் சமாந்தரப் பிரிவுகள். காரணம் நடைமுறை சார்ந்தது. இரு படைகளின் துப்பாக்கி ரவையும் உதிரிப்பாகமும் கணக்குப் புத்தகமும் வேறு. கலந்தால் பொருள் நிற்கும்.

இனி மறுபக்கம், அமெரிக்கத் தளபதி அரசியலில் கைவைத்தால் வரும் விலை. 1942 நவம்பரில் அல்ஜியர்ஸில் சண்டையை நிறுத்த, ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு விஷி ஆட்சியின் அட்மிரல் டார்லானோடு ஐசனோவர் ஒப்பந்தம் செய்தார். துப்பாக்கிகள் ஓய்ந்தன, ஆனால் நாசிகளோடு ஒத்துழைத்தவரை ஆட்சியில் வைத்தார் என்று இலண்டனிலும் வாஷிங்டனிலும் கடும் எதிர்ப்பு. டிசம்பர் 24இல் டார்லான் சுட்டுக் கொல்லப்பட்டார். சுதந்திர பிரெஞ்சு இயக்கத் தலைவர் டி கோல் இதை மறக்கவே இல்லை.

சியாங்கோடு ஒப்பிட வேண்டிய ஆள் டி கோல்தான், சேர்ச்சில் அல்லர். 1945 ஜனவரித் தொடக்கத்தில் சீனாவில் யப்பானியர் கொடுத்ததற்கு நிகரான நெருக்கடி பிரான்சின் அல்சாஸில் ஜெர்மானியரால் வந்தது. வரிசையைச் சுருக்க ஸ்ட்ராஸ்பூர்க்கை விட்டுப் பின்வாங்கும்படி ஐசனோவர் கட்டளையிட்டார். டி கோல் தன் ஜெனரல் டி லாத்ரிடம் நகரைக் காக்கும்படி நேரே சொன்னார். ஜனவரி 3 அன்று வெர்சாயில் சந்திப்பு, சேர்ச்சிலும் இருந்தார். பிரெஞ்சு முதலாம் இராணுவத்துக்கு ரவையும் பெற்றோலும் நான்தான் கொடுக்கிறேன் என்பது ஐசனோவரின் பிடி. உங்கள் சரக்கு ஓடுவது பிரான்சின் ரயில் பாதைகளில் என்பது டி கோலின் பிடி. இரண்டும் பேசப்பட்டன. ஸ்ட்ராஸ்பூர்க் விழுந்தால் தன் அரசு கவிழலாம் என்றும் டி கோல் சொன்னார். ஐசனோவர் உத்தரவை மாற்றினார், நகரம் காக்கப்பட்டது. போருக்கு அந்த நகரம் தேவையில்லை என்று அவர் வாதாடியிருக்கலாம். பின்புலத்தில் ரயில்கள் நின்றால் முனை முழுதும் நிற்கும் என்று கணக்குப் பார்த்தார். சுங்கிங்கில் யாரும் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

தெஹிவளை வாசகி:

மூவருக்கும் நன்றி. பதவிக்கு ஒரு பெட்டி என்று போட்டதுமே பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிட்டது. இரண்டு துணைக் கேள்விகள். ஐந்து பதவியையும் ஒருவரிடமே கொடுத்தது யாருடைய தவறு? ஒரே கையில் எல்லா அதிகாரமும் இருப்பதுதான் பிரச்சினை என்றால், 1942இல் இங்கே அட்மிரல் லேற்றனிடமும் எல்லாம் கொடுத்தார்களே, அது ஓடியதுதானே?

மாவலி:

மார்ஷலின் தவறு என்றே நான் நினைக்கிறேன். ஸ்ரில்வெல் சீன மொழி பேசுவார், 1930களில் அங்கே படைத்துறை இணைப்பதிகாரியாக இருந்தவர், நல்ல காலாட்படைப் பயிற்றுநர். ராம்கரில் அவர் உருவாக்கிய டிவிஷன்கள் யப்பானியரை நேருக்கு நேர் வென்றன. அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. ஆனால் ஒரு நாட்டுத் தலைவரோடு மூன்று வருடம் பேரம் பேசும் வேலைக்கு அவர் பொருந்தமாட்டார் என்பது 1942 ஜூனிலேயே தெரிந்தது. மூன்று அமெரிக்க டிவிஷன்கள், 500 விமானங்கள், மாதம் 5,000 தொன் சரக்கு என்று சியாங் அப்போது மூன்று கோரிக்கை வைத்தார். அவற்றுக்குப் பதில் சொல்லும் அதிகாரம் ஸ்ரில்வெல்லிடம் இல்லை, பழி மட்டும் அவர்மேல் விழுந்தது.

1943 ஒக்டோபரில் சியாங் அவரை மாற்றக் கேட்டபோது நல்ல சந்தர்ப்பம் இருந்தது. அப்போது அவரைக் காப்பாற்றியவர்களில் ஒருவர் மவுண்ட்பேற்றன். சீனப் படையை இவ்வளவு காலம் அறிந்த தளபதியை இப்போது எடுத்தால் அந்தப் படையை நான் எப்படிப் பயன்படுத்துவது என்று சுங்கிங்கில் சொன்னார். களத் தளபதி பதவியை மட்டும் விட்டு மற்றவற்றைப் பிரித்திருந்தால் வட பர்மாவும் கெட்டிருக்காது.

1944 ஒக்டோபரில் கடைசியாக அதைத்தான் செய்தார்கள்: சீனக் களம் வெடமையருக்கு, இந்தியா-பர்மாக் களம் ஜெனரல் சுல்தானுக்கு, கண்டியில் பிரதி உச்சத் தளபதி பதவி ஜெனரல் வீலருக்கு. ஒருவரின் வேலை மூவருக்கு. உங்கள் வரைபடத்தில் முன்னும் பின்னும் என்று இரண்டு தாள் போடுங்கள்.

பழைய வரைபடம்:

லேற்றன் பற்றி. 1942 மார்ச்சில் அவர் இலங்கையின் தலைமைத் தளபதியாக வந்தார், ஆளுநர் கல்டெகொட்டும் அவருக்குக் கீழ்ப்பட வேண்டும் என்று இலண்டன் தீர்மானித்தது. போர்ச் சபையில் அமைச்சர்கள் இருந்தார்கள், சிவில் பாதுகாப்பு ஒலிவர் குணத்திலக்கவிடம். அது ஓடியதற்குக் காரணம், தகராறு வந்தால் முடிவு சொல்ல ஒரே அரசு இருந்தது. ஸ்ரில்வெல்லின் ஐந்து பதவிக்கு மேலே மூன்று அரசுகள். ஆகவே அதிகாரம் ஒரே கையில் குவிவது மட்டும் பிழை அல்ல, அது எத்தனை வாசலில் இருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. மவுண்ட்பேற்றனே எல்லாவற்றுக்கும் அதிபதி என்று சபையில் சொல்லிவிடாதீர்கள். அட்மிரல் சமர்வில்லின் கீழைக் கடற்படை, கடல் கடந்த தாக்குதலில் மட்டும்தான் மவுண்ட்பேற்றனுக்குக் கீழே. பெருங்கடல் பாதுகாப்பில் நேரே இலண்டன் கடற்படைத் தலைமைக்கு. இருவரும் இதைப்பற்றி ஓயாமல் மோதினார்கள். ஆனால் அதே கடற்படையில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் சரட்டோகா 1944 மார்ச் கடைசியில் திருகோணமலைக்கு வந்து, இன்றைய இந்தோனேசியாவில் ஏப்ரல் 19இல் சபாங்கையும் மே 17இல் சுரபாயாவையும் சமர்வில்லின் கட்டளையில் தாக்கிவிட்டு, மறுநாளே விடைபெற்றது. எந்தச் சச்சரவும் இல்லை. எவ்வளவு காலம், எந்த வேலை, யாருக்குக் கீழே என்று வருமுன்னரே பேசி முடித்திருந்தார்கள்.

மார்ச்சில் இம்பால் நெருக்கடியில் நடந்ததையும் சேர்க்கலாம். அரக்கானில் இருந்து 5ஆவது இந்திய டிவிஷனை வானில் கொண்டுவர விமானம் போதவில்லை. மவுண்ட்பேற்றன் இமயமலைப் பாதையிலிருந்து 20 பெரிய போக்குவரத்து விமானங்களை எடுத்துக்கொண்டார். அவருக்கு அந்த உரிமை கிடையாது. மறுத்து உத்தரவு வராவிட்டால் எடுப்பேன் என்று அறிவித்தார், கூட்டுக் குழு ஒப்புதல் அளித்தது. அமெரிக்க விமானம் சீனச் சரக்கை விட்டு இந்தியப் படையை ஏற்றிப் போனது. மூன்று அரசின் நலனும் அந்த 20 விமானத்தில் மோதின. சியாங்குக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

கொட்டாஞ்சேனை:

கொரியாவையும் ஒரு வரியில் தொட்டால் நல்லது, ஒப்பீட்டுக்கு உதவும். 1950 ஜூலை 14இல் தென் கொரிய ஜனாதிபதி சிங்மன் ரீ தன் படைகளின் கட்டளையை ஐ.நா. படைத் தளபதி மக்காதருக்குக் கடிதம் மூலம் கையளித்தார். சியாங் மறுத்தது அங்கே மூன்று வாரச் சண்டைக்குள் கிடைத்தது, ஏனெனில் சோல் ஏற்கெனவே விழுந்துவிட்டது, வேறு பிடி எதுவும் ரீயிடம் இல்லை. அதே ரீ, 1953 ஜூனில் பேச்சுவார்த்தை முடியும் தறுவாயில் சுமார் 27,000 போர்க் கைதிகளைத் தன்பாட்டில் திறந்துவிட்டார். கட்டளை கையளிக்கப்பட்டிருந்தும் முகாம் காவலர் கொரியர்தான். அமெரிக்கர் பாதுகாப்பு ஒப்பந்தம் தருவதாக உறுதியளித்த பின்தான் போர்நிறுத்தத்தைக் குழப்புவதில்லை என்று ஒத்துக்கொண்டார்.

பழைய வரைபடம்:

நல்ல உதாரணம். வரைபடத்துக்கு ஒரு கடைசிக் கோடு. 1944 ஓகஸ்ட் 10, ஸ்ரில்வெல் கண்டியில் பதில் உச்சத் தளபதி. அன்று திருகோணமலை சீனன்குடா விமானத் தளத்தில் இருந்து 54 பி-29 அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் சுமாத்திராவின் பாலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நோக்கிக் கிளம்பின. ஓடுபாதையை நீட்டியது பிரித்தானியர். இலங்கை, தென்கிழக்காசியக் கட்டளையகத்தின் எல்லைக்குள். ஆனால் அந்த விமானங்கள் கண்டிக்கும் சரி, ஸ்ரில்வெல்லின் அமெரிக்கக் களத்துக்கும் சரி, கட்டுப்பட்டவை அல்ல. அமெரிக்கப் படைத்தலைவர்களின் சார்பில் ஆர்னோல்ட் வாஷிங்டனில் இருந்து நேரே நடத்தினார். சீனன்குடாவில் ஒரு பெட்டி போட்டு, கண்டியைத் தொடாமல் வாஷிங்டனுக்கு முழுக்கோடு இழுங்கள்.